மரத்தை மட்டும் எண்ணினால் மலை பிழைக்காது

(இளைஞர் பயிலரங்கில் நமது ஐ.டி. விங் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் படிச்சது இன்ஜினியரிங். அதுல ஒரு பாடம்: எதை அளக்கிறோமோ, சிஸ்டம் அதைத்தான் பெருக்கும். சுற்றுச்சூழல் மானியத்துக்கும் இதே கணக்குதான்.

பிரிட்டனைப் பாருங்க. மலை விவசாயிகளுக்கு ஆடு, மாட்டுத் தலைக்கு இவ்வளவுன்னு மானியம் கொடுத்தாங்க. மந்தை பெருத்தது, பல மலைகளில் புல்லும் புதரும் தேய்ந்தது. 2005-ல் அந்தத் தலைக்கணக்கைக் கைவிட்டாங்க. பிறகு வேல்ஸில் மரக்கணக்கு வந்தது. பண்ணையில் 10 சதவீதம் மரம் இருந்தால்தான் புதிய திட்டத்தில் பணம் என்றார்கள். 2024-ல் விவசாயிகள் கார்டிஃப் நகரில் திரண்டாங்க. அந்த நிபந்தனை கைவிடப்பட்டது.

இப்ப நம்ம நீலகிரிக்கு வாங்க. சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் அந்த மலை. மழையைப் பிடிச்சு வச்சு, கோடையில் ஓடையா விடுறது அந்த ரெண்டும்தான். ஆனா மரம் இல்லாத இடமெல்லாம் தரிசுன்னு நினைச்சு, வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பிச்சு சுதந்திரத்துக்குப் பிறகும் சீகை மரமும் தைல மரமும் நட்டாங்க. தோல் பதனிடப் பட்டை கிடைச்சது. தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் போச்சு. கோயில் கூரை வேயும் புல்லைக்கூட அவங்க தேடி அலைய வேண்டியதாச்சு. அந்த அந்நிய மரங்களை அகற்ற 2022-ல் தமிழ்நாடு தனிக் கொள்கையே வெளியிட்டது.

இந்த நிலையில்தான் 2023-ல் ஒன்றிய அரசின் பசுமைக் கடன் திட்டம் வந்தது. கடன்னா வங்கிக் கடன் இல்லை. மரம் நட்டால் கிடைக்கும் புள்ளி. 2024 விதிப்படி ஹெக்டேருக்குக் குறைஞ்சது 1100 மரம். நடலாம்னு சொன்ன இடங்களில் புதர்க்காடும் 'தரிசு நிலமும்' இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2025-ல் விதியை மாத்தினாங்க. இப்போ 5 வருஷம் கழிச்சு, 40 சதவீத மர அடர்த்தி இருந்தால்தான் புள்ளி. காட்டுக்கு இது சரி. புல்வெளிக்கு? ஆரோக்கியமான புல்வெளியில் அந்த நிழல் இருக்கவே இருக்காது. அதாவது, புல்வெளியைக் காப்பாத்துறவனுக்குப் புள்ளி பூஜ்ஜியம். அதை மூடுறவனுக்குப் பரிசு!

மரம் நடுறது தப்புன்னு நான் சொல்லலை. எங்கே நடுறோம் என்பதுதான் கேள்வி. நாம கேட்கிறது மூணே விஷயம்:

✅ புல்வெளியைத் தரிசு நிலப் பட்டியலில் இருந்து நீக்குங்க.
✅ மரத்தோட சேர்த்து, ஓடை நீரையும் புல்லையும் அளந்து பணம் கொடுங்க.
✅ திட்டம் போடும் முன்னாடி மேய்ப்பவர்களையும் மலை விவசாயிகளையும் கூப்பிட்டுக் கேளுங்க.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவிச்சிருக்கு. இந்த மூணையும் உங்க ஊர் கிராம சபையில் எழுப்புங்க, தீர்மானமா பதிவு பண்ண வைங்க.