இயந்திரத்தின் அறிவும் நமது கடப்பாடும்

(திருவிழாவின் மூன்றாம் நாள் மாலை ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

சமய உரை நிகழ வேண்டிய மேடையில் செயற்கை நுண்ணறிவு என்னும் கணினிக் கலையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேச வேண்டிய காரணம் இந்த ஆலயத்திலேயே பிறந்தது. அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

இவ்வாண்டு விழா மலருக்குச் செய்தி திரட்டும் பொறுப்பை ஓர் இளைஞரிடம் ஒப்படைத்திருந்தோம். அவர் தம் கைப்பேசியில் உள்ள நுண்ணறிவுச் செயலியிடம் நம் ஆலய வரலாற்றைக் கேட்டார். கண் இமைக்கும் நேரத்தில் நான்கு பத்திகள் வந்து விழுந்தன. ஆலயம் எழுந்த ஆண்டு, அதனை எழுப்பிய கங்காணியின் பெயர், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த கற்சிலை என எல்லாம் அதில் இருந்தன. தமிழும் பிழையின்றி, படிப்பதற்கு இனிமையாகவே இருந்தது.

அந்தத் தாளை நம் முதியவர்கள் இருவரிடம் படித்துக் காட்டினோம். "யாரப்பா இந்தக் கங்காணி? நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே! மரத்தடியில் ஒரு சூலத்தை நட்டுக் கும்பிட்டார்கள். பிறகுதான் தகரக் கூரை போட்டார்கள். சிலை வந்தது அதற்கும் வெகு நாள் கழித்து" என்றார்கள். இளைஞர் மீண்டும் செயலியிடம், "நீ சொன்னது மெய்தானா?" என்று வினவினார். அது பணிவோடு மன்னிப்புக் கேட்டது. கேட்ட கையோடு வேறோர் ஆண்டையும் வேறொரு பெயரையும் தந்தது!

அன்று எல்லாரும் சிரித்தோம். வீடு திரும்பிய பின்னர் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரு முதியவர்கள் இல்லாதிருந்தால் அந்தப் பொய் வரலாறு இம்மலரில் அச்சேறியிருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து நம் பேரப்பிள்ளைகள் இம்மலரைக் காட்டி, "ஆலய நிர்வாகமே எழுதியிருக்கிறது" என்று சாதித்திருப்பார்கள்.

இது ஏன் நிகழ்கிறது? 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் உலகெங்கும் பரவியுள்ள இச்செயலிகள், கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கப்பட்டவை. பஜனையில் வரி மறந்தவர் இராகத்தை விட மனமில்லாமல் பொருத்தமான ஏதோவொரு சொல்லை நிரப்பிப் பாடிச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். இயந்திரம் செய்வதும் ஏறத்தாழ அதுவே. பாடியவருக்குத் தாம் மறந்தது தெரியும். இயந்திரத்துக்கு அதுவும் தெரியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1847-இல் ராஜா ஜுமாஆட் எழுப்பிய லுக்குட் கோட்டையைப் பற்றி நூல்கள் உண்டு. அங்கே அருங்காட்சியகமும் உண்டு. ஆகவே கோட்டையைப் பற்றிக் கேட்டால் ஓரளவு சரியான விடை கிடைக்கலாம். பால்மரம் சீவிய நம் பாட்டிமார் எந்த நூலில் இருக்கிறார்கள்? எழுதப்படாதவர்களின் வாழ்வில் இயந்திரத்தின் கற்பனை மிகுதியாக நுழைகிறது. நமக்கு உள்ள தனி ஆபத்து இது.

இவ்வுரைக்காக ஆலயத்துக்கு வரும் அன்பர்கள் பலரிடம் கருத்துக் கேட்டேன். அஞ்சியவரும் உண்டு, வியந்தவரும் உண்டு. அவற்றுள் மூன்றை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாமவர் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி. அவர் சொன்னார்: "அந்தக் காலத்தில் பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக் என்று ஒரு கருவியை வாளிக்குள் விடுவார்கள். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறதென்று அது காட்டும். கிராணி பார்த்து ஏட்டில் எழுதுவார். எழுதியது குறைவென்று பட்டால் கிராணியிடம் கேட்போம். அவர் கேளாவிட்டால் சங்கத்திடம் போவோம். இந்த இயந்திரம் கணக்கைத் தவறவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?"

அன்பர்களே, உலகத்து அறிஞர்கள் மாநாடு கூட்டி விவாதிக்கும் வினா இதுதான். நம் நாட்டு நீதிமன்றத்திலேயே இது எழுந்தது. 2020 பிப்ரவரியில் கோத்தா கினபாலுவில், போதைப்பொருள் வழக்கொன்றில் தண்டனையைப் பரிந்துரைக்கும் கணினி நிரல் பயன்படுத்தப்பட்டது. இறுதி முடிவு மாஜிஸ்திரேட்டின் கையிலேயே இருந்தது. எனினும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் ஹமிட் இஸ்மாயில் எதிர்ப்புத் தெரிவித்தார். கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று அறியாத ஒருவர் அதனை எவ்வாறு மறுத்து வாதாட முடியும்?

2023-இல் நியூயார்க் நகரில் வழக்கறிஞர் இருவர், இயந்திரம் இட்டுக்கட்டிய, இல்லாத தீர்ப்புகளை மெய்யென நம்பி நீதிமன்றத்தில் காட்டினர். நீதிபதி 5,000 அமெரிக்க டாலர் அபராதம் விதித்தார். அபராதம் இயந்திரத்தின் மீது விழவில்லை. கையொப்பமிட்டவர்கள் மீதே விழுந்தது. இதனை மனத்தில் இருத்துங்கள்.

நிறமும் இதில் கலந்திருக்கிறது. ஜாய் புவோலம்வினி என்னும் ஆய்வாளர் 2018-இல், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார். வெண்ணிற ஆண்களிடத்தில் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடத்தில் 34.7 விழுக்காடு வரை எட்டியது. பழக்குவதற்குக் கொடுத்த படங்களில் வெண்ணிற முகங்களே மிகுந்திருந்தது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நம் நிறத்தவர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இரண்டாவது கருத்தைக் கூறியவர் ஒரு தாய். "என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அவன் குரலிலேயே யாரோ பேசிப் பணம் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் அச்சம் வீணானது அன்று. சிறிது நேரப் பேச்சுப் பதிவு கிடைத்தாலே ஒருவரின் குரலை நகலெடுக்கும் காலம் இது. நம் பிரதமரின் முகத்தையும் புகழ்பெற்ற கலைஞர், விளையாட்டாளர்களின் முகங்களையும் போலியாக ஆக்கி, முதலீட்டு மோசடிக்கு ஆள்பிடிக்கும் காணொளிகள் உலவியதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

அதே கலை நற்பணிக்கும் உதவுவதை மறுப்பதற்கில்லை. 2024-இல் இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமான், "லால் சலாம்" படப் பாடலொன்றில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை இதன் துணையால் ஒலிக்கச் செய்தார். இருவர் குடும்பத்தாரிடமும் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அறிவித்தார். குரலுக்கு உடையவர் உண்டு என்று அவர் மதித்தார், மோசடிக்காரன் மதிப்பதில்லை.

தாய்மார்களே, பதற்றமான குரலில் பணம் கேட்டு அழைப்பு வந்தால் உடனே இணைப்பைத் துண்டியுங்கள். உங்களிடமுள்ள பழைய எண்ணில் நீங்களே திரும்ப அழையுங்கள். குடும்பத்தாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல், வங்கிக்கும் 997 என்னும் தேசிய மோசடி தடுப்பு மைய எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள்.

மூன்றாவது கருத்து ஒரு மாணவியுடையது. "மலாய்மொழியில் வந்த மருத்துவமனைக் கடிதத்தை இச்செயலிதான் என் பாட்டிக்குத் தமிழில் சொல்லிற்று. அதை ஏன் குறை கூறுகிறீர்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மூலக் கடிதம் கையில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மலாய் அறிந்த அவளும் அருகில் இருந்தாள். அவ்வாறு பயன்படுத்துதல் தக்கதே. வீட்டுப் பாடத்தை முழுவதும் அதனிடம் எழுதச் சொல்லித் தன் பெயரை இடுவதுதான் தகாது.

நம் சைவ சித்தாந்தம் அறிவுடைப் பொருளைச் சித்து என்றும், அறிவற்ற பொருளைச் சடம் என்றும் பிரித்துணர்த்துகிறது. எத்துணை இனிமையாகப் பேசினும் இயந்திரம் சடமே. அதற்கு நல்வினையும் இல்லை, தீவினையும் இல்லை. அதன் சொல்லைக் கேட்டு நாம் செய்யும் செயலின் பயன் நம்மையே சாரும். அந்த நியூயார்க் தீர்ப்பும் இதனையே வேறு மொழியில் கூறிற்று எனலாம்.

நம் முன்னோர் எழுதப் படிக்க அறியாமல், பிறர் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தனர். தாளில் என்ன இருந்தது என்பதை வேலைக்கு வந்து சேர்ந்த பிறகே பலர் அறிந்தனர். அவர்களுக்கு அன்று வேறு வழியில்லை. படித்த பிள்ளைகளாகிய நாம் இயந்திரம் நீட்டும் தாளைப் படித்துப் பாராமல் ஒப்பமிட்டால், அதற்கு என்ன சமாதானம் கூறப் போகிறோம்?

நிறைவாக ஒரு விண்ணப்பம். தோட்டங்கள் பல கைமாறின. பால்மரங்கள் அழிந்து செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. அங்கிருந்த சிறு கோயில்களின் கதை முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளது. இளைஞர்களே, உங்கள் கையிலுள்ள அதே கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். யார் சொன்னார், எந்நாளில் சொன்னார் என்று குறித்து, அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். மலர்க்குழுவிலிருந்த அந்த இளைஞர் இப்பணியைத் தொடங்கிவிட்டார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன். இம்மலரின் ஆலய வரலாற்றுப் பக்கத்தில் தொடக்க ஆண்டு குறிக்கப்படவில்லை. உறுதியாகத் தெரியாததை நாங்கள் எழுதவில்லை. அறிந்தவர் உண்டெனில் செயலவையிடம் வந்து கூறியருள வேண்டுகிறோம்.

அன்னையின் அருளால் அனைவரும் மெய்யறிவும் நல்வாழ்வும் பெறுக.