பொலிஸ் உடுப்புப் போட நினைக்கும் பிள்ளை
(தோட்ட மாதர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



போன மாதம் மேல்கணக்கிலிருந்து ஒரு தாய் எங்களைத் தேடி வந்தார். மகள் உயர்தரம் முடித்தவள், பொலிஸில் சேரவேண்டும் என்கிறாள். தகப்பனோ, "ஆம்பளைங்க கூட்டத்துல பொம்பளப் புள்ளைக்கு என்னா வேலை? நாளைக்கு யாரு கட்டிக்குவா?" என்று விண்ணப்பத்தைச் சுருட்டிக் கூரையில் செருகிவிட்டாராம். அந்தத் தகப்பனைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அவர் பயத்திலும் ஞாயம் இருக்கிறது. அதை மறைக்காமல் பேசுவோம்.

இலங்கைப் பொலிஸில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1952 இல். ஆனால் ஒரு பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபராக வந்தது 2020 இல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 68 வருஷம்! பிம்ஷானி ஜாசின் ஆரச்சி என்ற அந்த அம்மையார் 1997 இல் உப பரிசோதகராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறியவர். பதவி கிடைத்தபின் என்ன நடந்தது? 2021 இல், முப்பதுக்கும் மேற்பட்ட ஆண் அதிகாரிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர் வேலை தெரியாதவர் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தப் பதவிக்கான விதியில் பெண் என்று எழுதவில்லையே என்பதுதான் வழக்கு. விதியை எழுதியவர்கள் ஒரு பெண் அவ்வளவு தூரம் வருவாள் என்று நினைத்தே பார்க்கவில்லை போலும்.

இது நமக்குப் புதுக் கதையா? 1984 வரைக்கும் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். கொழுந்து எடுத்தது யார்? அப்போதும் "அப்படித்தான் எழுதியிருக்கு" என்றுதான் சொன்னார்கள்.

சாதாரண கான்ஸ்டபிளின் பாடு வேறு. நமக்குத் தெரிந்த ஒரு பெண் கான்ஸ்டபிள், தங்கமான பிள்ளை, மனம்விட்டுச் சொன்னார். அவர் முதலில் போன இடத்தில் இராக் கடமைக்கு வரும் பெண்கள் படுக்க ஒரு அறை இல்லை. கதிரையிலேயே விடிய விடிய இருப்பாராம். மாத விலக்கு நாட்களில் பட்ட கஷ்டத்தை யாரிடம் சொல்வது, மேலே உள்ளவர்கள் எல்லாம் ஆண்கள். ரோந்து, விசாரணை என்றால் ஆண்களை அனுப்புவார்கள். இவருக்குப் புத்தகம் எழுதுவது, தேநீர் ஊற்றுவது. "தேத்தண்ணி நான் ஊத்தமாட்டேன் சேர்" என்று ஒருநாள் சொல்லிவிட்டாராம். ஒரு மாதம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பழகிவிட்டார்கள் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நமக்கு லேசாகப் படவில்லை.

பிறகு ஏன் அந்தப் பிள்ளையைப் போகச் சொல்கிறோம் என்று கேட்பீர்கள்.

சில வருஷங்களுக்கு முன், புருஷன் அடித்துக் கை வீங்கிய ஒரு அக்காவை ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். அன்றைக்கு அங்கே தமிழ் தெரிந்த பெண் பொலிஸ் இல்லை. வெளியே நின்ற ஆட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். எங்கே அடித்தான், என்ன செய்தான் என்பதை அந்த அக்கா அவனிடம் எப்படிச் சொல்வார்? "ஒண்ணும் இல்ல சேர், சின்ன சண்டைதான்" என்று தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டார். பஸ்ஸில் வரும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். நாமும் அன்றைக்கு வற்புறுத்திப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாய்மொழியாகக் கொடுக்கும் முறைப்பாட்டை நீங்கள் பேசும் மொழியிலேயே எழுத வேண்டும். முடியாவிட்டால் உங்கள் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். ஒரு பெண்ணைச் சோதனை போடுவதென்றால் பெண்தான் போடவேண்டும். வீட்டில் அடி உதை என்றால், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவசரத்துக்கு 119, பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. இந்த மூன்றையும் வாசல் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

சட்டம் இருந்தும், மேசைக்கு அந்தப் பக்கம் நம்ம பாஷை பேசுகிற ஒரு பெண் இருந்திருந்தால் அந்த அக்கா அன்றைக்கு வாய் திறந்திருப்பார்.

உயரம், வயது, படிப்பு எல்லாம் வர்த்தமானியில் வரும். வந்ததும் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டுவோம். விண்ணப்பம் நிரப்ப வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள், பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வாருங்கள். மேல்கணக்குப் பிள்ளை வருகிறாள். அவள் தகப்பன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கான்ஸ்டபிளிடம் இரண்டு கேள்வி கேட்கவேண்டும், அவரையும் வரச்சொல்லுங்க என்றிருக்கிறார். அவரும் லீவு போட்டு வருகிறார்.