ஆல்பத்தையும் பரண்மேல் ஏற்றுங்கள்

(சோரியாங்குப்பத்தில் நடந்த நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், சந்தா பாக்கி எல்லாம் பேசி முடித்துவிட்டோம். எனக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

2019 மார்ச்சில் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்படத் திருவிழா, இரண்டாவது முறையாக நடந்துகொண்டிருந்தது. கடற்கரைச் சாலையில், சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுசிலும் படங்கள் வைத்திருந்தார்கள். சிஷோம் வடிவமைத்து 1879-இல் முடிந்த கட்டடம் அது. மறைப்பானேன், பல படங்கள் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் படங்களை விட்டுவிட்டு மேற்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷமா இந்த வழியாத்தான் பஸ்ல போறேன் சார். உள்ளே வந்ததே இல்லை" என்றார். சொந்த ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்ததே அந்தக் கண்காட்சியின் பலன் என்று எனக்குத் தோன்றியது.

நம் புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்தது. பழைய சாயலிலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. அந்தப் பாலத்தில் என் அம்மா நிற்கிற படம் ஒன்று எங்களிடம் இருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை பொங்கியது. அப்போது நாங்கள் ஆற்றோரம் தரைவீட்டில் இருந்தோம். அரிசி மூட்டை, டிவி, பத்திரங்கள் எல்லாவற்றையும் பரணில் ஏற்றினோம். ஆல்பத்தை மறந்துவிட்டோம். நாலாம் நாள் பக்கங்கள் ஒட்டிக் காய்ந்திருந்தன. அவசரப்பட்டுப் பிரித்தேன். அம்மாவின் முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. அவருக்கு வேறு படம் இல்லை. நெகட்டிவ் கேட்கலாம் என்று கடலூரில் அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். அங்கே செல்போன் கடை இருந்தது.

பிறகுதான் விவரம் தெரிந்தது. நனைந்த படங்களை ஒட்டிக் காய விடக்கூடாது. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு, மெதுவாகப் பிரித்து, படப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்த வேண்டும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எடுத்து டிஜிட்டலாக்கும் பணி நடந்திருக்கிறது. சாதாரணக் குடும்பங்களின் படங்களைக்கூட அப்படிப் பாதுகாக்கிறார்கள். நம் படங்களை நாம் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு நம் மாடிப்படிச் சுவரில் ஒரு சின்னக் கண்காட்சி வைப்போம். வீட்டுக்கு இரண்டு படம் போதும். ஒன்று குடும்பப் படம், இன்னொன்று நம் தெரு, ஆற்றங்கரை, பாகூர் ஏரி, மனையாகிவிட்ட வயல் என ஏதாவது ஒன்று. மூலப்படத்தைத் தராதீர்கள், நகல் போதும். பின்னால் பென்சிலால் யார், எங்கே, எப்போது என்று எழுதுங்கள். அடுத்தவர் முகம் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செல்போனில் பிடித்து ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.

என் வீட்டிலிருந்து அந்த முகமில்லாத படத்தைத்தான் கொண்டுவரப் போகிறேன். உங்களில் யாராவது பழைய கல்யாண ஆல்பம் எதிலாவது என் அம்மாவைப் பார்த்தால் சொல்லுங்கள்.