கணக்கைப் படிக்கும் கருவி

நான் ஆசிரியப் பணியாற்றிய நாளில் சிறுவன் ஒருவன் 2+3×4 என்னும் கணக்கிற்கு 20 என விடை எழுதினான். "இடமிருந்து வலமாகத்தானே ஐயா படித்தேன்?" என்றான். சிவப்பு மையால் தவறெனக் குறியிட்டு அனுப்பிவிட்டேன். ஓய்வு பெற்றபின், கல்லூரியில் பயிலும் என் பெயர்த்தியுடன் அமர்ந்து, கணக்கைப் படித்து விடை கூறும் சிறு கணினி நிரல் ஒன்றை எழுதினேன். அதுவும் முதல் நாள் 20 என்றே கூறிற்று! அது ஏன் என்பதையும், அதனை எவ்வாறு திருத்தினோம் என்பதையுமே இன்று சொல்லக் கருதுகிறேன்.

எழுதியதைப் படித்து அதன் அமைப்பை அறியும் நிரற்பகுதியைப் பார்சர் என்பர். நாம் பகுப்பான் எனலாம். அதற்கு முன்னே நிகழவேண்டிய வேலை, செய்யுளைச் சீர் பிரிப்பது போன்றது. 12+3 என்பதில் 1, 2 என்னும் இலக்கங்களைச் சேர்த்து 12 என ஒரு துண்டாக்க வேண்டும். கூட்டற்குறி தனித் துண்டு. இஃது எளிது.

அடுத்ததே இலக்கணம். எங்கள் சிறு மொழிக்கு மூன்று விதிகள் போதுமாயின. கோவை என்பது ஓர் உறுப்பு. அதன்பின் கூட்டற்குறியோ கழித்தற்குறியோ வந்து, மற்றோர் உறுப்பும் வரலாம். இவ்வாறு எத்தனை முறையும் தொடரலாம். உறுப்பு என்பது ஒரு காரணி. அதன்பின் பெருக்கற்குறியும் மற்றொரு காரணியும் அவ்வாறே தொடரலாம். காரணி என்பது ஓர் எண், அல்லது அடைப்புக்குள் அமைந்த ஒரு கோவை. 1960-இல் வெளிவந்த அல்கால் 60 என்னும் நிரல்மொழியின் அறிக்கையில் விதிகள் இவ்வகையிலேயே வகுக்கப்பெற்றன. அக்குறிமுறை ஜான் பாக்கஸ், பீட்டர் நார் என்னும் இருவர் பெயரால் இன்றும் வழங்குகிறது.

விதிக்கு ஒன்றாக மூன்று செயற்கூறுகள் எழுதினோம். கோவை உறுப்பை ஏவும். உறுப்பு காரணியை ஏவும். 2-ஐப் பெற்ற உறுப்பு, அடுத்து நிற்பது கூட்டற்குறி ஆதலால், 2 என்னும் விடையுடன் திரும்பிவிடும். கோவை மீண்டும் உறுப்பை ஏவும். இம்முறை அது 3-ஐப் பெற்று, பெருக்கற்குறியைக் கண்டு, 4-ஐயும் வாங்கிப் பெருக்கி, 12 என்னும் விடையுடனேயே திரும்பும். ஆகவே விடை 14. பெருக்கலை முதலிற் செய்க என்று நாங்கள் எங்கும் எழுதவில்லை. விதிகளின் படிநிலையிலேயே அஃது அடங்கியிருந்தது. முதல் நாள் எல்லாக் குறிகளையும் ஒரே படியில் வைத்திருந்தோம். அச்சிறுவனும் அவ்வாறே வைத்திருந்தான் போலும்.

அடைப்பு வந்தாலோ, காரணி மீண்டும் கோவையையே ஏவும். அடைப்புக்குள் அடைப்பு எத்தனை வரினும் இம்மூன்று விதிகளே போதும். இதனைக் கண்ட அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

ஓரிடத்தில் இடறினோம். 'கோவை என்பது ஓர் உறுப்பு, ஒரு குறி, பின் மற்றொரு கோவை' என்று பெயர்த்தி விதியைச் சுருக்கிப் பார்த்தாள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் 10−4−3 என்பதற்கு 3 வர வேண்டியிருக்க, 9 வந்தது. 4−3 என்பதை அது முன்னரே கணக்கிட்டுவிட்டது! பழைய விதிக்கே திரும்பினோம்.

இறுதியாக, 2+(3×4 என அடைப்பை மூடாமல் விட்டுப் பார்த்தோம். நிரல் 'பிழை' என்று மட்டும் கூறிற்று. "எங்கே பிழை என்று சொல்ல வேண்டாமா, தாத்தா?" என்றாள். எத்தனையாவது எழுத்தில் நிற்கிறோம், அங்கே எது வரவேண்டும் என்பதைப் பகுப்பான் அறியும். இரண்டு வரிகள் சேர்த்தோம். '7-ஆம் இடத்தில் மூடும் அடைப்பை எதிர்பார்த்தேன்' என்றது நிரல். அச்சிறுவனின் ஏட்டில் நான் இட்ட குறி, இடத்தையும் சொல்லவில்லை. எதிர்பார்த்தது எது என்பதையும் சொல்லவில்லை.