தலைகீழான கோடை

ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரம் எண்ணெய்த் தொழிலுக்குப் பேர்போனது. அங்கிருந்து துபாய், அபுதாபி என்று வேலைக்குக் குடிபெயர்கிறவர்கள் உண்டு. அபெர்டீனில் ஜூலை மாத நண்பகலில்கூட வெப்பம் 18 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். துபாயில் அதே ஜூலையில் 40-ஐத் தாண்டிவிடும்.

உடம்பு பழகிக்கொள்கிறது. ஒன்றிரண்டு வாரங்களில் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும். அதில் வெளியேறும் உப்பும் குறையும். மனசு பழகத்தான் நாளாகும் என்று நினைக்கிறேன். அவர்கள் ஊரில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். துபாயில் ஏழேகாலுக்கெல்லாம் மறைந்துவிடும். கோடை என்றால் பிள்ளைகளை வெளியே விளையாட விடுகிற காலம் என்று வளர்ந்தவர்கள், அங்கே கோடையில்தான் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கடற்கரைக்குப் போவது டிசம்பரில்!

குளியலறையிலும் இதே கதைதான். மொட்டைமாடித் தொட்டி வெயிலில் காய்வதால், பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். விவரம் தெரிந்தவர்கள் கோடையில் ஹீட்டரை அணைத்துவிடுகிறார்கள். ஏசி ஓடும் வீட்டுக்குள் இருப்பதால், ஹீட்டரில் தேங்கிய தண்ணீர் மெல்ல ஆறிவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, அந்த ஆறிய தண்ணீரில் குளிக்கிறார்கள்.