சார்மினாரைக் காக்கும் அறிவியல்



மன்னர் முகமது குலி குதுப் ஷா 1591-ஆம் ஆண்டில் எழுப்பிய சார்மினார், கருங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனது. 2019 மே மாதத்தில் அதன் மினார் ஒன்றிலிருந்து சுதை வேலைப்பாட்டின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. நான்கு நூற்றாண்டுகளைக் கடந்த இச்சின்னத்தைக் காக்க அறிவியல் எவ்வாறு துணைபுரியும் என்பதே இன்றைய கேள்வி.

முதலில் நோயை அறிதல் வேண்டும். சுண்ணாம்புக் காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. எரிபொருட் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு கலந்து அமிலமாகி, அக்காரையை ஜிப்சமாக மாற்றுகிறது. ஜிப்சம் கரித்துகளைப் பற்றிக் கருநிறப் படலமாகப் படிந்து, காலப்போக்கில் மேற்பரப்போடு உதிர்கிறது. மழைநீரோ விரிசல் வழியே நுழைந்து உப்புகளைக் கரைக்கிறது. நீர் உலரும்போது அவ்வுப்புகள் படிகமாகிக் காரையை உள்ளிருந்தே பிளக்கின்றன.

இக்கேடுகளைச் சுவரைத் துளையிடாமலே கண்டறியலாம். கேளா ஒலி அலைகள் உட்புற வெற்றிடங்களைக் காட்டும்; அகச்சிவப்புப் படம் ஈரம் தங்கிய இடங்களைக் காட்டும்; அதிர்வுமானி, போக்குவரத்தின் அதிர்வை அளந்து தரும். நிலத்தடியை ஆராயும் வல்லமை பெற்ற தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் 1961 முதல் இந்நகரிலேயே இயங்கி வருகிறது.

அடுத்தது மருந்து. விரிசலைச் சிமெண்டால் அடைப்பது எளிது, ஆனால் தீங்கானது. சிமெண்டு ஈரத்தை வெளியேற விடாது. தன் உப்புகளையும் பழைய காரைக்குள் செலுத்தும். ஆகவே, பழங்காரையின் சுண்ணாம்பு, மணல் விகிதத்தை ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்து, அதற்கு ஒத்த காரையாலேயே பழுது பார்க்க வேண்டும். 1917-இல் தோன்றிய தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு இத்தகைய பணிக்கென்றே அமைந்தது. வெல்லமும் கடுக்காயும் சேர்த்துச் சுண்ணாம்பை அரைத்த நம் கொத்தர்களின் கைத்திறனும் அறிவியலே.

ஆயினும், நோயின் காரணம் நீங்காமல் மருந்து பயன் தராது. தாஜ்மகாலைச் சூழ்ந்த பகுதியின் தொழிற்சாலைகள் நிலக்கரியைக் கைவிட வேண்டும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சார்மினாரைச் சுற்றி வாகனங்களை விலக்கும் திட்டமும் இந்நோக்குடையதே. அங்குள்ள வளையல் வணிகரின் பிழைப்பைக் காக்கும் மாற்று வழிகளும் அத்திட்டத்தில் இடம்பெறுதல் இன்றியமையாதது.

மாணவர்கள் அளந்தறியப் பழகுக. அலுவலர்கள் ஒவ்வொரு பழுதுபார்ப்பையும் நாள், பொருள், படம் ஆகியவற்றோடு பதிவு செய்க. அப்பதிவேடே அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டும்.