கட்டம் போட்ட திரைக்கு முன்னால்

பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

நாளை முதல் கேமராவை நம்பிப் பிழைக்கப் போகிறவர்கள் நீங்கள். அதனால் காட்சிக் கலைஞர் புஷ்பமாலாவைப் பற்றிப் பேசத் தோன்றியது. பெங்களூரில் பிறந்து, பரோடாவில் சிற்பம் படித்தவர். 2000 முதல் 2004 வரை, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்கள் பற்றி ஒரு படத்தொடரை உருவாக்கினார். அந்தப் படங்களில் அவரே வேடமிட்டு, ரவிவர்மா 1889இல் தீட்டிய நிலவொளிப் பெண்ணாக உட்கார்ந்தார். காலண்டர் லட்சுமியாக, வேளாங்கண்ணி மாதாவாக, பழைய தமிழ்ப் படமொன்றில் சாட்டை ஏந்திய ஜெயலலிதாவாக, செய்தித்தாளில் வந்த குற்றவாளிப் பெண்ணாக நின்றார். பின்திரை, நகை, சேலை மடிப்பு, விளக்கு என்று அசலில் உள்ளதையெல்லாம் பார்த்துப் பார்த்து அமைத்தார்கள். அழகி, தெய்வம், திருடி எல்லாமே யாரோ ஏற்பாடு செய்தவை என்பது அப்போது பளிச்சென்று தெரிகிறது.

என்னை அதிகம் உலுக்கியவை அளவெடுக்கும் படங்கள். மரச்சட்டத்தில் பட்டு நூல் கட்டி, இரண்டு அங்குலக் கட்டங்களாக்கி, அதன்முன் மனிதரை நிறுத்திப் படமெடுக்கும் முறையை 1869இல் லாம்ப்ரே என்பவர் வகுத்தார். காலனி ஆட்சியில் ஆளப்பட்ட மக்களை இப்படித்தான் அளந்தார்கள். படத்தின் கீழே இனத்தின் பெயர் இருக்கும். நின்றவளின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதே கட்டத் திரைக்கு முன்னால் புஷ்பமாலா தானே போய் நிற்கிறார். காட்சியை அமைத்தவரும் அவர்தான். படம் அவர் பெயரில்தான் சுவரில் ஏறுகிறது.

அவர் இப்படித் துணிந்து முகம் காட்டி நிற்க, மானம் காக்க வேண்டுமென்றால் முகத்தைக் காட்டாதே என்று நம் பெண்களுக்கு இன்றும் சொல்கிறார்கள். எவனோ ஒருவன் மார்ஃபிங் செய்து பரப்பினால்கூட, படம் போட்டவளைத்தான் ஏசுகிறோம். இதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

நீங்கள் எடுக்கும் படத்தை முதலில் அதில் இருப்பவளிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடுங்கள். பெயர் போடலாமா என்று கேளுங்கள். சரியென்றால் பிழையில்லாமல் போடுங்கள்.

மாணவியரே, 1985இல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பி.ஆர்.விஜயலட்சுமி. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் தமிழ்ப் பட டைட்டிலில் பெண் ஒளிப்பதிவாளரின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரைத் திரையில் பார்க்க ஆவலோடு இருக்கிறேன்.